திறப்பு விழாவுக்கு மறுநாள்

1986 ஜனவரி 6 அன்று, ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் அது நிற்கும் வானாய்வகத்துக்கும் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. காவலூரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நாளைத் தவறவிடுவதில்லை. உள்நாட்டில் உருவாக்கியது, அப்போது ஆசியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று என்ற பெருமையும் கூடவே வரும். அதற்கு மறுநாள் என்ன நடந்தது, அதற்கடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்தக் கருவியை யார் எப்படி நடத்தினார்கள் என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை. காவலூரின் வரலாற்றைக் கருவி செய்த வரலாறாகப் படிப்பதைவிட, கருவி நடத்திய வரலாறாகப் படிப்பதுதான் சரி என்பது என் வாதம். அந்தப் படிப்புக்கு இன்று ஓர் உடனடித் தேவையும் இருக்கிறது. ஒரு கல்லூரி நூலகம், ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு பதிப்பகம் என எல்லோருமே தங்கள் மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்வதா, மாத வாடகைக்குக் கிளவுடில் எடுப்பதா என்று கணக்குப் போடும் காலம் இது. அந்தக் கணக்குக்கு வேண்டிய சான்று, விற்பனையாளர்களின் விளம்பரத் தாளில் இருப்பதைவிட அதிகமாக இந்த மலைமேல் இருக்கிறது.

கதை மலைக்கு வருவதற்கு முன்பே சென்னையில் தொடங்கியது. 1786-இல் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வகம் வைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூணில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் வாசகம் பொறித்தார்கள். அங்கே தாமஸ் கிளான்வில் டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து அட்டவணையாக வெளியிட்டார். 1861-இல் பொறுப்பேற்ற நார்மன் போக்சன் ஆசியா, சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என்று ஐந்து குறுங்கோள்களை இங்கிருந்து கண்டுபிடித்தார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டார். பெயர்களைப் பார்த்தால் பொற்காலம் போலத்தான் தெரிகிறது. ஆனால் போக்சன் முப்பது ஆண்டுகள் இரவிரவாக எடுத்த அளவுகளில் பெரும்பகுதி அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1891-இல் அவர் இறந்த பிறகு, பின்வந்த மிக்கி ஸ்மித்தான் அவற்றைச் சீர்ப்படுத்தி வெளியிடும் வேலையை முடித்தார். கருவி இருந்தது, பார்ப்பவர் இருந்தார், பதிவேடும் இருந்தது. பதிவேட்டிலிருந்து பயனாளருக்குப் போய்ச் சேரும் வழியில்தான் ஆள் பற்றவில்லை. சொந்தமாக ஒன்றை நிறுவி நடத்துகிறவர்கள் எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் அதுதான். அதைச் சென்னை நமக்கு நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

1899-இல் வானாய்வு கொடைக்கானலுக்குப் போனது. அங்கே முதன்மையான பணி சூரியனைப் பற்றியது. 1960-இல் அதன் இயக்குநராக வந்த எம்.கே. வைணு பாப்பு, சூரியனைத் தாண்டி இரவு வானத்துக்கென்று ஓர் இடம் தேடினார். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே ஒரு வால்மீனைக் கண்டறிந்து, பிறகு ஓலின் வில்சனோடு சேர்ந்து விண்மீன்களின் ஒளிர்வை அளக்க ஒரு புது முறையைத் தந்து, உலகம் அறிந்த வானியலாளர் ஆனவர் அவர். எங்கு வேண்டுமானாலும் போய் மற்றவர்களின் பெரிய கருவிகளில் வேலை செய்திருக்கலாம். அவர் வந்து நின்றது ஆலங்காயத்துக்கு மேலே, சந்தனமரக் காட்டுக்கும் சாமைக் கொல்லைகளுக்கும் நடுவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரில். உயரம் பெரிதல்ல. அட்சரேகை பெரிது. வடக்கே 12 டிகிரிக்குச் சற்று மேலே நிற்பதால் வடவானம், தென்வானம் இரண்டிலும் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும். 1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தபோது, ஐரோப்பாவின் வடக்குப்புற வானாய்வகங்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே இருந்தது. காவலூரில் தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 8 டிகிரி உயரத்தில் தெரிந்தது, அதன் நிறமாலைகளையும் பதிவு செய்தார்கள். இடத்தேர்வை எதிர்த்துச் சொல்லக்கூடியவை உண்டு, பிறகு அவற்றுக்கு வருகிறேன்.

1967-68-இல் காவலூரில் முதலில் வேலை செய்யத் தொடங்கியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. அதைக் கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தார்கள். உலக அளவில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் எந்த இரவில் மேகம் விலகும், பனி எப்போது இறங்கும், கண்ணாடியில் தூசி எவ்வளவு வேகமாகப் படியும் என்பதையெல்லாம் அந்தச் சிறு கருவிதான் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பெரிய முதலீடு வருமுன் சிறியதை வைத்து இடத்தையும் ஆட்களையும் பழக்கிக்கொள்ளும் இந்த முறையைப் பாப்பு கவனத்தோடு பின்பற்றினார். இன்று மென்பொருள் நிறுவுகிறவர்கள் சோதனை சர்வர் ஒன்றில் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உண்மைப் பயனாளரிடம் விடுவார்கள். அதே பொறுமைதான் இது. 1971-இல், கொடைக்கானலையும் காவலூரையும் நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. மறு ஆண்டு காவலூருக்கு ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. நம் பெருமைக் கதைகளில் அதற்குப் பின்னிருக்கைதான் கிடைக்கும், ஏனென்றால் அது வெளிநாட்டுச் சரக்கு. உண்மையில் காவலூர் உலகத்தின் கவனத்தைப் பெற்றது அதன் வழியாகத்தான். அதை நிறுவிய சிறிது காலத்திலேயே, 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. காவலூரிலும் ஜாவாவின் லெம்பாங்கிலும் அந்த மறைப்பை அளந்தவர்கள், கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான முதல் குறிப்பைத் தந்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழு இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்து அதைப் பார்த்தது. காவலூரில் ஜெ.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி மங்கியதை இரு தரப்பாரும் பதிந்திருந்தார்கள். காவலூர்க்காரர்கள் அதை முதலில் ஒரு புதிய துணைக்கோள் என்றே எழுதினார்கள். எல்லா இடத்துப் பதிவுகளையும் ஒப்பிட்ட பிறகு அவை யுரேனஸின் வளையங்கள் என்று தெளிவானது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது விளக்கம் மாறியும் பதிவு நின்றது என்பதுதான். நேரம் குறித்து, நொடிக்கு நொடி எடுத்த பதிவு என்பதால்தான் மற்ற இடத்துப் பதிவுகளோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. ஒளியை அளந்து பதியும் ஏற்பாட்டை அங்கிருந்தவர்கள் உள்ளும் புறமும் அறிந்திருந்தார்கள். பட்டாச்சார்யா மின்னணுவியலில் கைதேர்ந்தவர். மறைப்பு நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஏதாவது கெட்டுப்போனால் யேனாவுக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க முடியாது.

ஆகவே ஒரு பொருள் நம்முடையதா இல்லையா என்பதை அது எந்த ஊரில் செய்யப்பட்டது என்பது தீர்மானிப்பதில்லை. அதைத் திறந்து பார்க்க நமக்கு உரிமை இருக்கிறதா, திறந்தால் புரிகிறதா, கெட்டால் இரவோடிரவாகச் சரிசெய்ய ஆள் இருக்கிறதா, அது தரும் பதிவு நம் கையில் இருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கின்றன. ‘முழுக்க முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று கொண்டாடும் 2.34 மீட்டர் தொலைநோக்கியையே எடுத்துக்கொள்வோம். அதன் கண்ணாடி வட்டு ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் வார்த்தது. அந்த வட்டைப் பெங்களூரில் ஏ.பி. ஜெயராஜனின் ஒளியியல் கூடத்தில் தேய்த்து மெருகேற்றினார்கள். பாரம் தாங்கும் குதிரை லாட வடிவத் தாங்கியும் மற்ற இரும்பு வேலைகளும் வால்சந்த்நகர் தொழிற்சாலையில் நடந்தன. வட்டு வெளியிலிருந்து வந்ததால் தொலைநோக்கியின் பெருமை ஒரு துளியும் குறையவில்லை. மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள கண்ணாடியை ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குக்குள் பிழை இருக்குமாறு தேய்க்கக் கற்றுக்கொண்ட கைகள்தான் அடுத்து வந்த ஒவ்வொரு கருவிக்கும் முதலாக இருந்தன. பாப்பு அதன் திறப்பைப் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக்கில் இறந்தார். அப்போது அவர் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர். வேலை நின்றுவிடாமல் பட்டாச்சார்யா முடித்துவைத்தார். ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்த திட்டமாக அது இருந்திருந்தால் அந்த ஆகஸ்டோடு முடிந்துபோயிருக்கும்.

இனி மறுநாளுக்கு வருவோம். தொலைநோக்கியின் கண்ணாடி ஒளியைத் திருப்புவது கண்ணாடியால் அல்ல, அதன்மேல் படிய வைத்த அலுமினியப் பூச்சால். அந்தப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மலைக்காட்டின் மகரந்தமும் தூசியும் பனியும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சில காலத்துக்கு ஒருமுறை அத்தனை டன் கண்ணாடியையும் குழாயிலிருந்து கழற்றி இறக்கி, பழைய பூச்சை ரசாயனத்தால் கரைத்துக் கழுவி, வெற்றிடத் தொட்டிக்குள் வைத்து, அலுமினியத்தை ஆவியாக்கிப் புதிதாகப் படியவைத்து, மறுபடி ஏற்றி, ஒளி அச்சை நேர்செய்ய வேண்டும். அதற்கான ஏற்பாட்டைக் காவலூரிலேயே வைத்துக்கொண்டார்கள். இதோடு குவிமாடத்தின் மோட்டார், தாங்கிகளின் எண்ணெய், விண்மீனைத் தொடர்ந்து செல்ல வைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுகள், மின்சாரம் போனாலும் மழைக்கு முன் கூரையை மூடும் வழி எல்லாம் சேர்ந்துதான் ஓர் இரவு. இவற்றில் எதற்கும் ஆய்வுக் கட்டுரையில் பெயர் வராது. கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் ஒரு வரியில் ‘வானாய்வகப் பணியாளர்கள்’ என்று வந்தால் உண்டு. பெருமையை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் பணமும் ஆளும் போய்ச் சேர்கிறது. திறப்பு விழாவில் மட்டும் பெருமையை வைக்கும் வழக்கம் இந்தியப் பொது நிறுவனங்களுக்குச் செய்திருக்கும் தீங்கு பெரிது.

மென்பொருளிலும் காவலூர் இதே பாதையில்தான் போனது. 1980-களின் பிற்பகுதியில் வானாய்வகத்தில் வாக்ஸ் 11/780 கணினி ஓடியது. நிறமாலைப் பதிவுகளை அளவுகளாக மாற்ற ‘ரெஸ்பெக்ட்’ என்ற மென்பொருளை நிறுவனத்தின் வானியலாளர்களே எழுதினார்கள். டி.பி. பிரபு, ஜி.சி. அனுபமா, சுனேத்ரா கிரிதர் ஆகியோர் 1987-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அக்காலக் காவலூர்க் கட்டுரைகளில் அந்தப் பெயரை அடிக்கடி காணலாம். பிறகு அமெரிக்காவின் கிட் பீக் வானாய்வகத்தில் எழுதி இலவசமாகப் பகிர்ந்த ‘ஐராஃப்’ உலகம் முழுவதும் பரவியது. காவலூரும் அதற்கு மாறிக்கொண்டது. இதைத் தோல்வி என்று சொல்வேனா? மாட்டேன். ரெஸ்பெக்டை எழுதியவர்களுக்கு ஒரு நிறமாலைப் பதிவு எப்படி அளவாகிறது என்பது அடிவரை தெரியும். ஐராஃப் தரும் விடை தவறாக இருந்தால் அவர்களுக்கு உடனே தெரியும். எழுதத் தெரிந்தவர்கள் வாங்கிப் பயன்படுத்துவதற்கும், வாங்கிப் பயன்படுத்த மட்டுமே தெரிந்தவர்கள் பயன்படுத்துவதற்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது. ஐராஃபின் அதிகாரபூர்வ வளர்ச்சி 2013-இல் நின்றது. மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் பயனாளர் சமூகமே அதை எடுத்துப் பராமரிக்கிறது. மூடிய மென்பொருளாக இருந்தால் முப்பது ஆண்டுப் பழக்கம் ஒரே அறிவிப்பில் அற்றுப்போயிருக்கும்.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இழப்பில்லாமல் மாற முடிந்ததற்குக் காரணம் கோப்பு வடிவம். ‘ஃபிட்ஸ்’ என்ற வடிவத்தில் ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும் எந்தத் தொலைநோக்கி, எந்த நேரம், எவ்வளவு நொடி ஒளி வாங்கியது என்பதெல்லாம் மனிதர் படிக்கும் எழுத்தில் இருக்கும். சிறப்பு மென்பொருள் எதுவும் இல்லாமலேயே அந்தத் தலைப்பை வாசித்துவிடலாம். 1981-இல் பிரசுரமான அந்த வடிவத்தை 1982-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றது. பாப்பு தலைவராக இருந்த, அவர் மரணத்தால் துக்கம் கவிந்த அதே ஆண்டு அது. அந்த வடிவத்தில் எழுதிய எந்தக் கோப்பையும் இன்றும் திறக்கலாம், அந்த வடிவத்தின் முதல் கட்டளையே பழைய கோப்புகளைச் செல்லாததாக்கும் மாற்றம் எதுவும் கூடாது என்பதுதான். அதே காலத்தில் தனி நிறுவனங்களின் மூடிய வடிவங்களில் தமிழ்நாட்டு அச்சகங்களும் அலுவலகங்களும் சேர்த்துவைத்த ஆவணங்கள், தனித்தனி எழுத்துரு ஏற்பாடுகளில் சிக்கி வாசிக்க முடியாமல் போனதை நினைத்தால், இந்த ஒரு முடிவின் அருமை புரியும்.

இப்போது மென்பொருள் நிறுவலின் நேரடியான எடுத்துக்காட்டு ஒன்று. எம்.ஐ.டி. நூலகமும் ஹியூலட்-பேக்கர்டும் சேர்ந்து 2002 நவம்பரில் ‘டி-ஸ்பேஸ்’ என்ற களஞ்சிய மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டன. அதே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சவுத்தாம்ப்டனில் உருவான ‘இ-பிரிண்ட்ஸ்’ மென்பொருளை வைத்துத் தன் களஞ்சியத்தைத் தொடங்கியது. இந்திய வானியற்பியல் நிறுவனம் டி-ஸ்பேஸைத் தன் சர்வரில் நிறுவிக்கொண்டது. அதில் ஏறும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் 2248 என்ற முன்னெண்ணோடு நிலையான முகவரி கிடைக்கிறது. காவலூர் ஆய்வுகளோடு, பழைய கொடைக்கானல் வெளியீடுகளும் சென்னை வானாய்வகக் காலத்துத் தாள்களும் எண்ம வடிவில் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. நூற்றாண்டுக்கு மேலாகக் கொடைக்கானலில் எடுத்த சூரியப் படங்களையும் எண்மமாக்கி நிறுவனமே தன் தளத்தில் வைத்திருக்கிறது, உலகில் எங்கிருப்பவரும் எடுத்துக்கொள்ளலாம். போக்சன் தடுக்கி விழுந்த இடத்தை அவருடைய வாரிசுகள் இப்படித்தான் கடந்தார்கள்.

இத்தகைய மென்பொருளை ஒரு கணினியில் ஏற்றி முகப்புப் பக்கத்தை வரவைக்க ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகல்தான் அதன் ஜனவரி 6. பிறகு வருவது: தரவுத்தளத்துக்குத் தனிப் பயனர், தனிக் கடவுச்சொல், தேடல் அட்டவணைக்குப் போதிய நினைவகம், மென்பொருளை நேராக இணையத்தில் நிற்கவிடாமல் முன்னால் ஒரு வலை சர்வரை நிறுத்தி, எல்லாப் போக்குவரத்தையும் மறையாக்கம் செய்து அனுப்புவது, அந்த மறையாக்கத்துக்கான சான்றிதழ் காலாவதியாகுமுன் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ்களின் வழக்கமான ஆயுள் 90 நாள், யாரும் பார்க்காவிட்டால் தளம் ஒரு காலைப்பொழுதில் பூட்டிக்கொள்ளும். நிகழ்வுப் பதிவுகள் வளர்ந்து வளர்ந்து வட்டு நிறைந்து எழுத இடமின்றித் தரவுத்தளம் நிற்பது இன்னொரு வழக்கமான விபத்து. பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் விரித்து, தளம் எழுகிறதா என்று பார்த்தவர்களிடம்தான் பேக்கப் இருக்கிறது. நிலையான முகவரி என்பதும் தானாக நிலைப்பதில்லை. சர்வர் மாறும்போதெல்லாம் முன்னெண் எந்தக் கணினியைக் காட்ட வேண்டும் என்பதை நிறுவனத்தில் ஒருவர் திருத்த வேண்டும், மறந்தால் உலகெங்கும் அடிக்குறிப்புகளில் அச்சாகியுள்ள இணைப்புகள் ஒரே நேரத்தில் செத்துவிடும். 2021-இல் வந்த டி-ஸ்பேஸின் 7-ஆம் பதிப்பு முகப்பைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் பிரித்து, நிறுவும் முறையையே மாற்றியது. 2023-இல் 6-ஆம் பதிப்புக்கான ஆதரவு நின்றது. களஞ்சியம் வைத்திருந்த ஒவ்வொரு நூலகமும் அதற்குள் கண்ணாடியை இறக்கிப் பூச்சு மாற்றும் அளவுக்கு ஒரு வேலையைச் செய்தாக வேண்டியிருந்தது.

மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுக்கிறேன். இவ்வளவு தொல்லை எதற்கு, பெரிய நிறுவனங்கள் இதை நம்மைவிட நன்றாகச் செய்கின்றனவே, வாடகை கொடுத்தால் தீர்ந்ததே என்பது அது. இதில் பாதி உண்மை. சென்னைத் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், ‘ஆர்க்கைவ்’ ஆய்வுக்கட்டுரைத் தளத்தின் இந்திய நகலை நெடுங்காலம் தன் சர்வரில் வைத்திருந்தது. வெளிநாட்டு இணைப்பு மெதுவாக இருந்த நாட்களில் இந்திய இயற்பியலாளர்களுக்கு அது பெரும் உதவி. இணைப்பு வேகமானதும் அத்தகைய நகல்களுக்குத் தேவை குறைந்தது. அந்த வேலை முடிந்தபின் அதைப் பிடிவாதமாகத் தொடர வேண்டியதில்லை. மின்னஞ்சலையும் சொந்தமாகவே நடத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சிறு நிறுவனத்தின் அஞ்சலை மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்குவதோடு போராடியே ஆள் தேய்ந்துபோவார். ஆனால் ஒரு நிறுவனம் எதற்காக இருக்கிறதோ அந்தப் பதிவை வாடகை இடத்தில் மட்டும் வைப்பது வேறு விஷயம். 1911-இல் எடுத்த சூரியப் படம் 2111-லும் தேவைப்படும். நூறாண்டுக்குத் தரவு தேவைப்படும் ஒருவருக்கு, ஆண்டுக்கு ஆண்டு விலை மாறும் ஒப்பந்தம் பொருந்தாது. வாடகைக்கு எடுத்தாலும், ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திறந்த வடிவத்தில் இறக்கி வேறிடத்தில் எழுப்பும் திறமை வீட்டுக்குள் இருந்தால்தான் அந்த வாடகை பாதுகாப்பானது. அந்தத் திறமையோ சொந்தமாக ஒருமுறையாவது நடத்தியவர்களிடம்தான் உருவாகும்.

அடுத்த மறுப்பு இடத்தைப் பற்றியது. இரண்டு பருவமழையும் தொடும் மலை, ஆண்டில் பல மாதம் மேகம். வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்து ஊர்களின் விளக்கு வெளிச்சம் கூடிக்கொண்டே வருகிறது. பாப்பு இடத்தைத் தவறாகத் தேர்ந்தார், நிறுவனமே இமயத்துக்குப் போய்விட்டதே என்கிறார்கள். போனது உண்மை. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி 2000-இல் முதல் ஒளி பெற்றது. அமெரிக்க நிறுவனம் செய்த கருவி அது. அதைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். பிராணவாயு குறைந்த பனிப்பாலையில் ஆள் போய்ச் சேருமுன், என்ன கெட்டிருக்கும் என்று எண்களைப் பார்த்தே ஊகிக்கும் பழக்கம் வேண்டும். அந்தத் தொலை இயக்கத்தைத் துணிந்து ஏற்ற நிறுவனம், அதற்கு முன் முப்பது ஆண்டுகள் காவலூரில் ஒவ்வொரு திருகையும் கையால் தொட்டு நடத்தியது. ஹான்லே காவலூரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதைவிட, காவலூர் இல்லாமல் ஹான்லேயை இப்படி நடத்தியிருக்க முடியாது என்று படிப்பதே சான்றுகளோடு ஒத்துப்போகிறது. காவலூரையும் மூடிவிடவில்லை. 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஒளியை இழை வழியாகக் கீழறைக்குக் கொண்டுவந்து பகுக்கும் நிறமாலைமானியை நிறுவனமே அமைத்தது. 2014-இல் பட்டாச்சார்யாவின் பெயரில் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று அங்கே நிறுவப்பட்டது. அதுவும் அமெரிக்காவில் செய்யப்பட்டதுதான், ஜவ்வாது மலையில்தான் ஓடுகிறது.

இன்னொரு மறுப்பு உண்டு, அதை நான் லேசாக எடுக்கவில்லை. சொந்தமாக நடத்துவது என்பது நடைமுறையில் ஓரிருவர் முதுகில் ஏற்றும் பாரம், அவர்கள் ஓய்வு பெற்றால் எல்லாம் சரிந்துவிடும் என்பது. பாப்புவின் மரணத்துக்குப் பின் பணி தொடர்ந்ததே இதற்கு ஒரு பதில், ஆனால் முழுப் பதில் ஆகாது, ஏனென்றால் பாப்பு பின்னால் ஒரு பட்டறையை, ஓர் ஒளியியல் கூடத்தை, ஒரு தலைமுறை ஆட்களை விட்டுச்சென்றார். பெரும்பாலான கல்லூரிகளில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஒருவரே, அவரும் ஒப்பந்த ஊழியர், கடவுச்சொற்கள் அவருடைய நோட்டில். அங்கே மறுப்பு சரிதான். அந்த நிலையில் சொந்தமாக நிறுவுவதைவிட நாலைந்து நூலகங்கள் சேர்ந்து ஒரே களஞ்சியத்தை நடத்துவது நல்லது. அதற்கும் வேண்டியது நிரந்தரப் பணியிடம், பராமரிப்புக்கென்று பெயர் சொல்லி ஒதுக்கிய தொகை, என்ன மாற்றினோம் ஏன் மாற்றினோம் என்று தேதியோடு எழுதும் ஏடு. நுங்கம்பாக்கத்துப் பதிவேடுகளை வரலாற்று ஆவணமாக மதித்து எண்மமாக்கிய இந்திய வானியற்பியல் நிறுவனம், காவலூரில் கண்ணாடி கழுவிய குறிப்புகளையும், கட்டுப்பாட்டுச் சுற்று வரைபடங்களையும், வாக்ஸ் காலத்து நிரல் பட்டியல்களையும், தன் சர்வரின் அமைப்புக் கோப்புகளையும்கூட அதே 2248 முன்னெண்ணின் கீழ் பொதுவில் வைக்க வேண்டும். வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு கல்லூரியில் சர்வர் அறையின் சாவியைப் புதிதாக வாங்கிக்கொள்ளும் இளைஞருக்கு, எந்த விற்பனையாளரின் பயிற்சி வகுப்பைவிடவும் அந்த ஏடுகள் உதவும்.